கூட்டல் கழித்தல் முப்பது

1988 ஏப்ரல் 21 அன்று இத்தாலியின் டூரின் நகரப் பேராலயத்தில், இயேசுவை அடக்கம் செய்த துணி என்று கோடிக்கணக்கானோர் போற்றும் லினன் துணியின் ஓரத்திலிருந்து ஒரு கீற்று வெட்டி எடுக்கப்பட்டது. அகலம் ஒரு சென்டிமீட்டர், நீளம் ஏழு சென்டிமீட்டர். அதிலிருந்து தலா 50 மில்லிகிராம் எடையில் மூன்று துண்டுகள் நறுக்கினார்கள். பக்கத்து அறையில் டூரின் பேராயரும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் மைக்கேல் டைட்டும் அவற்றை அலுமினியத் தாளில் மடித்து, எண் பொறித்த எஃகுக் குப்பிகளில் இட்டு முத்திரை வைத்தார்கள். ஒன்று அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் போனது, ஒன்று ஆக்ஸ்போர்டுக்கு, ஒன்று ஜூரிக்குக்கு.

வயது தெரிந்த வேறு மூன்று துணிகளும் கூடவே போயின. நூபியாவின் கஸ்ர் இப்ரிம் கல்லறையில் கிடைத்த லினன், எகிப்தின் தீப்ஸ் நகரத்து மம்மி ஒன்றின் சுற்றுத்துணி, கி.பி. 1300ஐ ஒட்டிய காலத்துப் பிரெஞ்சு மேலங்கி ஒன்றிலிருந்து உருவிய நூல். எந்தக் குப்பியில் எந்தத் துணி என்று ஆய்வகங்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் டூரின் துணியின் மீன்முள் நெசவுக்கு ஈடான பழந்துணி ஒப்பீட்டுக்குக் கிடைக்கவில்லை. குப்பியைத் திறந்து பார்ப்பவர் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

முடிவுகள் 1989 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்தன. 1950ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணும் ரேடியோகார்பன் ஆண்டுகளில் நூபியத் துணிக்கு அரிசோனா சொன்ன வயது 927, ஆக்ஸ்போர்டு 940, ஜூரிக் 941. மம்மித் துணிக்கு முறையே 1995, 1980, 1940. மேலங்கி நூலுக்கு 722, 755, 685. கண்டங்கள் தாண்டி வெவ்வேறு கருவிகளில் வெவ்வேறு ஆட்கள் அளந்தவை இவை. வித்தியாசங்கள் எல்லாம் அவர்கள் தந்த பிழை எல்லைக்குள்ளேயே அடங்குகின்றன.

டூரின் துணிக்கு வந்த எண்கள்: அரிசோனா 646±31, ஆக்ஸ்போர்டு 750±30, ஜூரிக் 676±24.

ஆக்ஸ்போர்டுக்கும் அரிசோனாவுக்கும் நடுவே 104 ஆண்டு இடைவெளி. இரண்டு பிழைகளையும் முறைப்படி சேர்த்தால் 43 ஆண்டுதான் வருகிறது. மூன்று எண்களையும் ஒன்றாகச் சோதித்தால், தற்செயலாக இவ்வளவு சிதறல் நேர நூற்றுக்கு நான்கு வாய்ப்பே உண்டு. மூன்றையும் சேர்த்து 689±16 என்று சராசரி கண்டு, கி.பி. 1260க்கும் 1390க்கும் இடைப்பட்ட காலம் என்று அறிவித்தார்கள். கட்டுரையிலேயே இந்தச் சிதறல் குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சிறுதுண்டின் அளவீடும் முழுமையாக வெளிவரவில்லை. பிரெஞ்சு ஆய்வாளர் டிரிஸ்டன் காசபியாங்கா 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடம் கேட்டு வாங்கிய பிறகே மூல எண்கள் வெளியே வந்தன. 2019இல் அவர் குழுவினர் அவற்றை மறுபடி ஆராய்ந்து, மூன்று ஆய்வகங்களின் எண்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை என்று எழுதினார்கள்.

இதை வைத்துத் துணி முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய துணி 689 ஆண்டு வயது காட்ட வேண்டுமானால், நாம் இன்று அளக்கும் கார்பனில் அறுபது சதவீதத்துக்கு மேல் பிற்காலத்தில் வந்து ஒட்டியதாக இருக்க வேண்டும். அந்த அளவு அழுக்கு இருந்தால் அது துணியாகவே இருக்காது. நூறு ஆண்டு வேறுபாடு கேள்விக்குள்ளாக்குவது வேறொன்றை. 13ஆம் நூற்றாண்டா, 14ஆம் நூற்றாண்டா என்பதை அந்த ±30 உண்மையிலேயே தீர்த்து வைக்கிறதா? தொல்லியலில் நம் சண்டைகள் பெரும்பாலும் இந்த நூறு ஆண்டுகளுக்குள்தான் நடக்கின்றன. அதனால் இந்தச் சிறு எண் எங்கிருந்து வருகிறது, எதை உள்ளடக்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

இப்போது பரவலாக உள்ள முடுக்கி நிறைமானி வருவதற்கு முன், கார்பன்-14 அணு சிதையும்போது வெளிவரும் துகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். இன்று வாழும் மரத்தின் ஒரு கிராம் கார்பனில் நிமிடத்துக்குச் சுமார் 13 அல்லது 14 சிதைவுகள்தான் நிகழ்கின்றன. ±30 ஆண்டு என்றால் அளவீட்டில் 0.4 சதவீதத்துக்கும் குறைவான பிழை. தற்செயல் நிகழ்வுகளை எண்ணும்போது பிழை, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே அந்தத் துல்லியத்துக்கு எழுபதாயிரம் சிதைவுகளுக்கு மேல் எண்ண வேண்டும். ஒரு கிராம் மாதிரியை இரவு பகலாக மூன்றரை நாளுக்கு மேல் எண்ணியில் வைத்திருக்க வேண்டும். முடுக்கியோ சிதைவுக்குக் காத்திருக்காமல் அணுக்களையே பிரித்து எண்ணிவிடுகிறது. அதனால்தான் கிராம் கணக்கில் கேட்ட ஆய்வகங்கள் இன்று ஒரு மில்லிகிராம் கார்பனோடு திருப்தி அடைகின்றன. வழி எதுவானாலும், ± என்ற குறியின் முதன்மையான உள்ளடக்கம் இந்த எண்ணிக்கைப் பிழைதான். பொறுப்பான ஆய்வகங்கள் தங்கள் பழைய அனுபவத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும்.

எண்ணுவதற்கு முன் நடப்பவை ஏராளம். கரித்துண்டை அமிலத்தில் ஊறவைத்து, பிறகு காரத்தில், மறுபடி அமிலத்தில் ஊறவைத்து, மண்ணிலிருந்து ஊறிய கார்பனேட்டையும் ஹியூமிக் அமிலத்தையும் நீக்க வேண்டும். எலும்பானால் கொலாஜனைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு எரித்து வாயுவாக்கி, கிராஃபைட்டாகவோ பென்சீனாகவோ மாற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் வெளிக் கார்பன் நுழையலாம். நுழைந்ததால் என்ன ஆகும் என்பது மாதிரியின் வயதைப் பொறுத்தது. உண்மையில் 40,000 ஆண்டுப் பழைய எலும்பில் ஒரு சதவீதம் இன்றைய கார்பன் கலந்தால், அது 33,000 ஆண்டுக்கும் குறைவான வயதைக் காட்டும். ஏழாயிரம் ஆண்டு காணாமல் போய்விடும். அதே ஒரு சதவீதம் 2500 ஆண்டுக் கரியில் கலந்தால் வயது முப்பது ஆண்டுதான் குறையும். நியாண்டர்தால் மனிதர்களின் கடைசி நாட்களைப் பற்றி ஐரோப்பாவில் இத்தனை தகராறு இருப்பதற்கும், சங்ககால அகழாய்வுகளில் இந்த வகைக் கலப்படம் அவ்வளவாக உலுக்காததற்கும் இதுவே காரணம்.

ஆனால் ஒரு பிழை மாதிரியின் வயதைப் பார்ப்பதில்லை. எல்லா ஆய்வகங்களும் தாங்கள் எண்ணியதை ஒரு தரமாதிரியோடு ஒப்பிட்டுத்தான் வயது சொல்கின்றன. உலகம் முழுவதற்கும் பொதுவான அந்தத் தரமாதிரி, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1955ஆம் ஆண்டுச் சர்க்கரைக்கிழங்கு விளைச்சலிலிருந்து தயாரித்த ஆக்சாலிக் அமிலம். அது தீர்ந்துபோகவே, 1977இல் பிரான்சில் விளைந்த சர்க்கரைக்கிழங்குப் பாகிலிருந்து இரண்டாவது அமிலம் உருவானது. அதே 1977இல் மின்ஸ் ஸ்டூவரும் ஹென்றி போலாக்கும் எழுதிய கட்டுரை, எந்த அரைவாழ்வை வைத்துக் கணக்கிடுவது, கார்பன்-13 அளவைக் கொண்டு எப்படித் திருத்துவது, எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்று எல்லாவற்றுக்கும் ஒரே வழக்கத்தை நிலைநிறுத்தியது. வில்லர்ட் லிபியின் 5568 ஆண்டு அரைவாழ்வு பிழையானது என்றும் சரியான மதிப்பு 5730ஐ ஒட்டியது என்றும் தெரிந்த பிறகும், திருத்தாத வயதுக்குப் பழைய எண்ணையே எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். பிழையை எல்லோரும் ஒரே மாதிரி செய்தால், அந்த வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் அளவுத்திருத்தத்தில் அது அகன்றுவிடும். ஆளுக்கு ஒரு விதமாகத் திருத்தினால்தான் குழப்பம்.

தரமாதிரியே கெட்டால் என்ன ஆகும்? பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சொந்த ஆய்வகத்துக்கு அது நேர்ந்தது. 1980 முதல் 1984 வரை அங்கிருந்து வெளியான காலக்கணிப்புகள், பிஎம்-1700 முதல் பிஎம்-2315 வரை எண்ணிட்டவை, பொதுவாக இருநூறு முந்நூறு ஆண்டு இளமையாக இருந்தன. காரணம், சேமித்து வைத்திருந்த தரமாதிரி சிறிது சிறிதாக ஆவியாகியிருந்தது. கடையின் எடைக்கல் தேய்ந்துபோனால் அங்கே நிறுக்கும் எல்லாப் பொருளும் கூடுதல் எடை காட்டும் அல்லவா, அப்படித்தான். தரமாதிரி குறையக் குறைய ஒவ்வொரு கரியிலும் எலும்பிலும் கார்பன்-14 அதிகம் இருப்பதாகத் தோன்றும், அதிகம் இருந்தால் இளமை. மூன்று சதவீதக் குறைவே 245 ஆண்டு இளமையைத் தந்துவிடும். புதிய கற்கால எலும்பானாலும் ரோமானியர் காலக் கரியானாலும் அதே 245 ஆண்டுதான்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது இந்தப் பிழையின் ஒழுங்கு. ஒரே மாதிரியை அந்த ஆய்வகம் மறுபடி அளந்திருந்தாலும் ஏறக்குறைய அதே எண் வந்திருக்கும். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போயிருக்கும். எண்ணிக்கைப் பிழை சிறியதாக, நம்பகமாகத் தெரிந்திருக்கும். ஆய்வகத்துக்குள்ளேயே உட்கார்ந்து பார்ப்பவருக்குக் குறை எதுவும் தெரியாது. அருங்காட்சியகம் 1987இல் 'ஆன்டிக்விட்டி' இதழில் பிழையைப் பகிரங்கமாக அறிவித்து, 1990இல் மறுமதிப்பீட்டை வெளியிட்டது. சில முடிவுகளைப் பெரிய பிழை எல்லையோடு திருத்த முடிந்தது. சிலவற்றைக் கைவிட வேண்டியதாயிற்று. பழைய நூலகங்களில் உள்ள அகழாய்வு அறிக்கைகளில் திருத்தப்படாத எண்கள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. 1980களின் அறிக்கையைப் புரட்டும் மாணவர் யாராயினும் ஆய்வக எண்ணைப் பார்க்காமல் வயதை மட்டும் எடுத்தாள வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரே பொருளைப் பல ஆய்வகங்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான். இந்த வேலைக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் மையமாக விளங்குகிறது. அங்கே உள்ள புள்ளியியலாளர் மரியன் ஸ்காட்டும் அவருடன் பணியாற்றிய ரேடியோகார்பன் ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகளாக இதை விடாமல் நடத்தி வருகிறார்கள். சுமார் இருபது ஆய்வகங்கள் மரவளைய மாதிரிகளை அளந்த ஒப்பீடு ஒன்று 1982இல் 'நேச்சர்' இதழில் வெளியானபோது, ஆய்வகங்களுக்கிடையே இருந்த சிதறல் அவை தந்த ± எண்களால் விளக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. அந்தச் சிறு எண்ணை இரண்டால் மூன்றால் பெருக்கினால்தான் உண்மை நிலவரம் தெரியும் என்ற நிலை. துறைக்குள் அது கடும் அதிர்ச்சியைத் தந்தது.

அடுத்த சுற்றை அவர்கள் வடிவமைத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் கட்டத்தில், எண்ணுவதற்குத் தயார் நிலையில் இருந்த பொருளை அனுப்பினார்கள். ஆய்வகம் எண்ணினால் போதும். இரண்டாம் கட்டத்தில், சுத்தம் செய்து முடித்த செல்லுலோசும் ஹியூமிக் அமிலமும் போயின. அதை எண்ணக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது ஆய்வகத்தின் வேலை. மூன்றாம் கட்டத்தில் மரம், கிளிஞ்சல், கரிமண் எல்லாம் மண்ணிலிருந்து எடுத்தபடியே போயின. சுத்தம் செய்வது முதல் வயது சொல்வது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. எந்தக் கட்டத்தில் முடிவுகள் விலகத் தொடங்குகின்றன என்று பார்த்தால் குறை எண்ணியிலா, வேதியியலிலா, சுத்திகரிப்பிலா என்று தெரிந்துவிடும். கேள்வியைத் துண்டு துண்டாக வெட்டிக் கேட்கும் இந்த நேர்த்தி எந்தத் துறை ஆய்வாளருக்கும் பாடம்.

அதன்பின் டிரி, ஃபிரி, விரி, சிரி என்று ஆங்கில முதலெழுத்துப் பெயர்களில் சுற்றுகள் தொடர்ந்தன. மாதிரிகளில் எல்லா வகையும் இருந்தன. விஸ்கி வடிக்கும் ஆலையில் மீந்த பார்லிச் சக்கை, நியூசிலாந்தின் கௌரி மரம், திமிங்கில எலும்பு, மாமத யானையின் எலும்பு. பார்லிச் சக்கை ஒரே ஆண்டு விளைச்சல், ஒரே சீராகக் கலந்தது, அதன் வயதில் தகராறுக்கு இடமில்லை. கௌரி மரம் கார்பன்-14 ஏறக்குறைய தீர்ந்துபோன அளவுக்குப் பழையது. ஆய்வகத்துக்குள்ளேயே எவ்வளவு புதுக் கார்பன் கசிகிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். ஃபிரி சுற்றில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் பங்கேற்றன. பெரும்பாலானவை பொது முடிவோடு நன்றாக ஒத்துப்போகின்றன. தாங்கள் சொன்ன பிழை எல்லையைத் தாண்டி விலகும் சிறுபான்மை ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் இருக்கவே செய்கிறது. முடிவுகள் ஆய்வகத்தின் பெயர் இல்லாமல் குறியீட்டு எண்ணோடு மட்டுமே அச்சாகின்றன. பெயர் வெளிவரும் என்றால் பலர் பங்கேற்கவே மாட்டார்கள், அது புரிகிறது. ஆனால் மாதிரி அனுப்பும் தொல்லியலாளர், 'கடைசிச் சுற்றில் உங்கள் எண் எது, எப்படி வந்தது?' என்று ஆய்வகத்திடம் நேராகக் கேட்கலாம். கேட்க வேண்டும்.

சோதனைகளுக்குத் தொடர்ந்து உட்படும் சிறந்த ஆய்வகங்களும் தவறுகின்றன. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆக்ஸ்போர்டு ஆய்வகம் எலும்புக் கொலாஜனை மேலும் தூய்மையாக்க நுண்வடிகட்டிகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. வடிகட்டிச் சவ்வு உலராமலிருக்கத் தடவியிருந்த பொருள் முழுமையாகக் கழுவப்படாமல் மாதிரியில் கலந்து, சில எலும்புகள் நூறு முதல் முந்நூறு ஆண்டுவரை கூடுதல் முதுமை காட்டின. தூய்மைக்காகச் சேர்த்த படியே கலப்படத்துக்கு வழியானது. ஆய்வகம் அதைக் கண்டுபிடித்து, பாதிக்கப்பட்ட மாதிரிகளை மறுபடி அளந்து, 2004இல் விவரமாக எழுதியது. இப்படித் தன் தவறை எண்ணோடு அச்சிடும் ஆய்வகத்தைத்தான் நான் கூடுதலாக நம்புகிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். கீழடியில் நான்காம் கட்ட அகழாய்வின்போது எடுத்த ஆறு கரி மாதிரிகள் அமெரிக்காவின் மயாமியில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்குப் போயின. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 580 என்று 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிவித்தது. தமிழகம் முழுவதும் அந்த எண் பரவியது. ஆய்வகம் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்தில் இயற்கையே ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. அந்த நூற்றாண்டுகளில் காற்றில் இருந்த கார்பன்-14 அளவு, முதலில் உயர்ந்து நின்று, பிறகு மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. கி.மு. 750இல் வெட்டிய மரம் அதிகக் கார்பன்-14ஓடு தொடங்கி அதிக காலம் சிதைந்தது. கி.மு. 450இல் வெட்டியது குறைவாகத் தொடங்கி குறைந்த காலம் சிதைந்தது. இன்று இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் மிச்சம். திருத்தாத வயது 2450±30 என்று வந்தால், அளவுத்திருத்த வளைகோட்டில் அது கி.மு. 750 முதல் 410 வரை பரந்துவிடும். ஐரோப்பியத் தொல்லியலாளர்கள் இதை ஹால்ஷ்டாட் பீடபூமி என்கிறார்கள். தமிழகத்தின் தொடக்க வரலாற்றுக் காலம் நேராக இதன்மேல் வந்து உட்கார்ந்திருப்பது நமது துரதிர்ஷ்டம். இங்கே இரண்டாவது ஆய்வகத்தால் மட்டும் பயனில்லை. ஒரே குழியில் மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகப் பல மாதிரிகளை அளந்து, எது மேலே எது கீழே என்ற அறிவையும் கணக்கில் சேர்த்தால்தான் எல்லை சுருங்கும்.

2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை சிவகளையில் இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குக் கொண்டுபோகிறது. அதற்குக் கரியை மட்டும் நம்பாமல், மண்பாண்டங்களை ஒளித்தூண்டல் முறையிலும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வகத்தோடு லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனமும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகமும் இதில் பங்கேற்றன. ஒரு முறையின் குறை மற்றொரு முறையைத் தொற்றாது என்பதால் இது சரியான பாதை. இவ்வளவு பெரிய முடிவுக்கு இன்னும் ஒன்றும் வேண்டும் என்பது என் கருத்து. ஒரே கரித்துண்டை இரண்டாகப் பிளந்து, இரண்டு ரேடியோகார்பன் ஆய்வகங்களுக்கு, வயது பற்றிய குறிப்பு எதுவும் இல்லாமல் அனுப்ப வேண்டும்.

அப்போதும் இரண்டு ஆய்வகங்களும் ஒத்துப்போய்த் தவறான காலத்தைச் சொல்ல வழி உண்டு. முந்நூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் நடுவயிரத்தில் உள்ள கார்பன், மரம் வெட்டப்படுவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே உயிர்ப்பை நிறுத்திவிட்டது. அந்தக் கரியை எத்தனை ஆய்வகம் அளந்தாலும் மரத்தின் பழைய வளையத்தைத்தான் அளக்கும், அடுப்பு எரிந்த நாளை அல்ல. நெல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒரே பருவத்தில் விளைந்து முடிகிறது. பொருந்தலில் ஜாடிக்குள் கிடைத்த நெல்லும், கி.மு. 1155 என்று தேதி வந்த சிவகளை நெல்லும் தொல்லியலாளருக்குப் பொன்னாக இருப்பது இதனால்தான். குழியில் கரி கிடைத்தால் அது எந்த மரம், நடுவயிரமா சிறு கிளையா என்று தாவரவியலாளர் ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்த பிறகு அனுப்பினால், பாதிப் பிரச்சினை குழிமேட்டிலேயே தீர்ந்துவிடும்.

அறிக்கையில் என்ன அச்சாக வேண்டும் என்பதும் ஆய்வகத்தின் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது. ஆய்வக எண், திருத்தாத வயது, அதன் ±, கார்பன்-13 அளவு, மாதிரியைச் சுத்தம் செய்த முறை, பயன்படுத்திய அளவுத்திருத்த வளைகோடு, 95 சதவீத எல்லை முழுவதும் வேண்டும். மீந்த கரியை எங்கே வைத்திருக்கிறோம் என்பதும் வேண்டும். இவை இருந்தால், இருபது ஆண்டு கழித்து வேறொரு ஆய்வகம் அதே அடுக்கின் கரியை அளக்கும்போது, புதிய எண்ணைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். வளைகோடு மாறினாலும் மறுபடி கணக்கிட முடியும். பத்திரிகையில் வந்த ஒற்றை ஆண்டு மட்டும் மிஞ்சியிருந்தால் எதையும் செய்ய முடியாது.